வியாகுல மாதாவுக்கு இரண்டு நகல்

அந்த அச்சகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. முதலாளி முதல் நேற்றுச் சேர்ந்த பெண்வரை எல்லாருக்கும் அவள் கலர் அக்கா. பள்ளிக்கூடம் முடித்த கையோடு காகிதம் மடிக்கிற வேலைக்கு வந்தவள். மடித்து, ஒட்டி, வெட்டி, மை கலந்து, கடைசியில் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் முன்னாலும் அவளைத்தான் உட்காரவைத்தார்கள். கொடுத்த படம் ஒரு நிறம், அச்சில் வந்தது ஒரு நிறம் என்று யாரும் சண்டைக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. கல்யாணப் பெண்ணின் பச்சைப் புடவை அச்சில் நீலம் தட்டினால், மாப்பிள்ளை வீட்டார் முதலாளியைத் தேடமாட்டார்கள், கலர் அக்காவைத்தான் தேடுவார்கள். கழுத்தில் கண்ணாடி, கையில் ஒரு பூதக்கண்ணாடி, நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு மை. பொழுதுக்கும் பொறுமையாக இருந்து இருந்து, வீட்டுக்குப் போகிற வழியில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நடப்பாள்.

அம்மா அவளை 'நடுவுள்ளது' என்பாள். மேலே ஒரு அண்ணன், கீழே ஒரு தங்கை. மூத்தது அடம் பிடிக்கும், கடைக்குட்டி அழும், நடுவுள்ளது தானாகச் சாப்பிட்டுத் தட்டையும் கழுவி வைத்துவிடும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா இதைப் பெருமையாகச் சொல்வாள். அதில் என்ன பெருமை இருக்கிறது என்று கலர் அக்காவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். விசில் போய்விட்டதே தவிர குரல் போகவில்லை. சாப்பாட்டு மேஜையிலும் வரிசையில் நிற்கச் சொல்கிற மாதிரிதான் பேசுவான். தங்கை ஓர் அழகு நிலையம் நடத்தினாள். யார் முகத்தைப் பார்த்தாலும் அதில் என்ன பண்ணலாம் என்று யோசிக்கிறவள். இந்த இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே ஒத்துவராது. ஒத்துவராத ஒவ்வொரு தடவையும் நடுவில் இருப்பவளைத்தான் இருவரும் கூப்பிடுவார்கள்.

அம்மாவிடம் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரு படம் இருந்தது. வியாகுல மாதா, பிள்ளைக்காகத் துயரப்படுகிற மாதா. மாதாவின் நெஞ்சில் ஒரு வாள் பாய்ந்திருக்கும், தலையில் போர்த்திய முக்காடு தோளில் சரிந்திருக்கும், கண்கள் பார்க்கிறவரைத் தாண்டிக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கும். இடது கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். எந்தக் காலத்திலோ கடல் தாண்டி எங்கேயோ அச்சடித்து, கைமாறிக் கைமாறி அம்மாவின் அத்தை வழியாக அம்மாவிடம் வந்த கெட்டித் தாள் படம். மரச்சட்டம் உண்டு, கண்ணாடி கிடையாது. அது எப்போதோ உடைந்து, மாற்றாமலே விட்டுவிட்டார்கள். அதன் முன்னால் அம்மா ஏற்றிய மெழுகுவர்த்திக்குக் கணக்கே இல்லை. புகை படிந்து படிந்து மாதா தேன் நிறத்துக்கு வந்திருந்தாள்.

அம்மா இறந்தபின் வீட்டின் சொந்தக்காரர் அவள் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணித் தரச் சொன்னார். பாத்திரங்களையும் கட்டிலையும் யார் எடுப்பது என்று பேச்சே வரவில்லை. யாருக்கும் வேண்டாம். சுவரிலிருந்த படத்தை மட்டும் அண்ணன் ஒரு காலையில் வந்து யாரிடமும் சொல்லாமல் கழற்றிக்கொண்டு போய்விட்டான். மத்தியானம் அதே எண்ணத்தோடு வந்த தங்கை வெறும் ஆணியைப் பார்த்தாள். அன்றைக்கு இருவருக்கும் பேச்சு அறுந்தது.

கஷ்டகாலம் கலர் அக்காவுக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். காலையில் அண்ணன் போன் போட்டு, மூத்தவன் இருக்கும்போது மாதா மூத்தவன் வீட்டில்தானே இருக்க வேண்டும், இதை அவளுக்கு எடுத்துச் சொல் என்பான். சாயங்காலம் தங்கை போன் போட்டு, கடைசிக் காலத்தில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டது யார், நகம் வெட்டியது யார், இதை அவனிடம் கேள் என்பாள். கலர் அக்கா தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, யாரோ ஒரு பல் டாக்டரின் விளம்பரத்துக்கு வெள்ளை சரிபார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து பார்த்துக்கொண்டது அவள். அதை அவள் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. இந்த போன் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள், "உன்கிட்டதான் மிஷின் இருக்கே, ஆளுக்கொண்ணு அடிச்சுக் குடுத்துடு" என்றார்.

வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொள்வது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அலுப்பு தாங்காமல் இருவரிடமும் சொல்லிவிட்டாள். அச்சு அசலாக நகல் எடுத்துத் தருகிறேன், பார்த்தால் வித்தியாசம் தெரியாது, சண்டையை விடுங்கள் என்றாள். தங்கைக்குச் சந்தேகம், அசல் அண்ணனிடமே தங்கிவிடுமே என்று. அண்ணனுக்கு அதைவிடப் பெரிய சந்தேகம். நகல் எடுக்கிறேன் என்று வாங்கிப்போய் அசலைத் தங்கையிடம் கொடுத்துவிட்டால்? ஆகவே படத்தைக் கொடுத்தனுப்ப மாட்டேன், நானே கூட வந்து உட்கார்ந்திருப்பேன் என்றான். அவன் வந்தால் நானும் வருவேன் என்றாள் தங்கை.

கடை விடுமுறை நாளில் முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு கலர் அக்கா அச்சகத்தைத் திறந்தாள். அண்ணன் படத்தைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே தங்கை. ஆளுக்கொரு முக்காலியில் ஸ்கேனருக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்தார்கள். நகையை எடை போடும்போது தராசையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் மாதிரி அவள் கையையே பார்த்தார்கள். ஒருவரோடொருவர் பேசவில்லை. ஜன்னலைத் திறக்கணுமானால்கூட, "அங்க உட்கார்ந்திருக்கறவளைத் திறக்கச் சொல்லு" என்று அவளிடம்தான் சொன்னான் அண்ணன். அங்கே உட்கார்ந்திருந்தவளும், தனக்குக் காற்று வேண்டாம் என்று அவளிடம்தான் சொன்னாள்.

படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தால்தான் ஸ்கேனரில் படிய வைக்கலாம். பின்பக்கத்து ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பலகையைத் தூக்கியதும் வெள்ளிப்பூச்சிகள் நாலா பக்கமும் ஓடின. தங்கை முக்காலியோடு பின்னால் நகர்ந்தாள். படம் வெளியே வந்தபோது மூன்று பேருமே கொஞ்சம் குனிந்து பார்த்தார்கள். இத்தனை வருஷம் சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த ஓரத்தில், நாலு பக்கமும், விரல் அகலத்துக்குப் படத்தின் பழைய நிறம் அப்படியே இருந்தது. முக்காடு கரும்பழுப்பு என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அது நல்ல நீலம். பின்னணி மஞ்சள் இல்லை, வெளுத்த ரோஜா நிறம்.

அவ்வளவுதான், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. அந்த நீலத்தில்தான் வேண்டும் என்றாள் தங்கை. அழுக்கைப் பார்த்து அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அங்கலாய்த்தாள். அண்ணனோ, அம்மா கும்பிட்டது பழுப்பு மாதாவை, நீல மாதா யார் என்றே எனக்குத் தெரியாது, ஒரு சுருக்கத்தைக்கூடத் தொடக்கூடாது என்றான். இரண்டு பேரும் அவளைப் பார்த்துத்தான் கத்தினார்கள். சரி, உனக்குப் பழுப்பு, அவளுக்கு நீலம் என்று அவள் முடித்துவைத்தாள். அதற்கும், தன் மாதாவை அவன் கேலி பண்ணக்கூடாது என்று ஒரு நிபந்தனை வந்தது.

படம் ஸ்கேனரைவிடப் பெரியது. பகுதி பகுதியாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்ட வேண்டும். முகம் இருந்த பகுதியை ஒட்டும்போது மூக்கோரத்தில் ஒரு கோடு சேராமல் நின்றது. அதைச் சரிபார்க்க முகத்தைப் பெரிதாக்கினாள். திரை முழுக்க மாதாவின் கன்னம். பழைய அச்சு என்பதால் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி, நீலப் புள்ளி. அந்தக் கண்ணீரில் மட்டும் புள்ளி இல்லை. அது படத்தில் இல்லை, படத்தின்மேல் இருந்தது. அடியில் மெல்லிய நிழல்கூட விழுந்திருந்தது. கலர் அக்கா எழுந்துபோய் அசலை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாள். விரல் நுனியால் தொட்டாள். மெழுகு. எந்தக் காலத்திலோ மெழுகுவர்த்தியிலிருந்து தெறித்த ஒரு சொட்டு.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பின்னால் எத்தனையோ தடவை அப்படி நினைத்துக்கொண்டாள். ஆனால் காலையிலிருந்து பொறுத்துப் பொறுத்து வாய் அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"இது கண்ணீரே இல்ல. மெழுகு" என்றாள்.

 அண்ணன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். தங்கையும் வந்தாள். ஒருவர் தோள் ஒருவர்மேல் இடிக்கிற அளவுக்கு இருவரும் நெருங்கி நின்றார்கள்.

"உனக்கு யாரு அதைப் பெருசாக்கிப் பார்க்கச் சொன்னது?" என்றான் அண்ணன்.

"எல்லாத்தையும் நோண்டணும் இவளுக்கு" என்றாள் தங்கை, அவனிடம். நேராக அவனிடம்.

அப்புறம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். உனக்கு ஞாபகம் இருக்கா என்று அண்ணன் கேட்டான். முதலில் கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டுப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அவன் வந்து நின்ற அன்று, அம்மா அவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் படத்தின் முன்னால் நிறுத்தி, பாரு, மாதா உனக்காக அழறா என்றாளாம். தங்கைக்கும் அதேதான். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு மாலையும் கழுத்துமாக வந்தபோது, அம்மா திட்டவே இல்லை, படத்தைக் காட்டி அதையேதான் சொன்னாள். எனக்கு அப்பவும் சொன்னா, அப்புறமும் சொன்னா என்று இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள்.  அந்தக் கண்ணீரைப் போய் மெழுகு என்கிறாளே என்று மறுபடி அவள்மேல் பாய்ந்தார்கள். பாசம் இல்லாதவளுக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும் என்றாள் தங்கை. நாள் முழுக்க யந்திரத்தோடு இருந்தால் மனுஷத்தனம் போய்விடும் என்றான் அண்ணன். பிறகு, வா, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம் என்று அவன் சொல்ல, தங்கை கைப்பையை எடுத்துக்கொண்டு அவனோடு போய்விட்டாள். கலர் அக்காவுக்கு டீ வேண்டுமா என்று இருவருமே கேட்கவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். ஆத்திரத்தில் காது சுட்டது. மாசக்கணக்கில் பேசாதவர்களைப் பேசவைத்தாகிவிட்டது, அதற்குத் தன்னைத் திட்டுவதுதான் ஒரே வழி என்று இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள்.

அப்புறம் இன்னொன்று தோன்றியது. தன்னை ஒருநாளும் அம்மா அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தியதில்லை. சின்ன வயதில் ஒரு தடவை கணக்கில் தோற்றுப்போய், வேண்டுமென்றே அந்தப் படத்தடியில் போய் நின்றிருக்கிறாள், அம்மா வந்து ஏதாவது சொல்வாள் என்று. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உனக்கென்ன, நீ சமாளிச்சுக்குவே என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறாள், இன்றுவரை.

அதற்காக வேலையில் அவள் வஞ்சகம் பண்ணவில்லை. அண்ணனுக்குப் பழுப்பை ஒரு புகைத்தடம் மாறாமல் எடுத்தாள். தங்கைக்கு, ஓரத்தில் கிடைத்த நீலத்தை வைத்து முக்காடு முழுவதையும் மீட்டாள். பழைய படம் மாதிரி கெட்டியான பஞ்சுத்தாளில் சோதனை அடித்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் மஞ்சளைக் குறைத்து மறுபடி அடித்தாள். இருவர் படத்திலும் அந்தச் சொட்டு இருந்தது. அதை எடுக்கிற பேச்சே இல்லை. டீ குடித்துவிட்டு வந்தவர்கள் படங்களை மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று அவள் கையைத் துடைத்தபடி நின்றாள். மிஷின் நல்ல மிஷின்தான் என்றான் அண்ணன்.

கூத்து அதோடு முடியவில்லை. இத்தனை ரகளைக்கும் காரணமான அசல் இப்போது யாருக்கும் வேண்டாம். அண்ணன் வீட்டில் நகலுக்குக் கண்ணாடி போட்டு மாட்டியாகிவிட்டது. வெள்ளிப்பூச்சி ஓடியதைக் கேள்விப்பட்ட அண்ணி, அந்தப் பழசு வாசலைத் தாண்டினால் பீரோவில் இருக்கிற துணியெல்லாம் சல்லடையாகிவிடும் என்றாளாம். தங்கை நீல மாதாவை அழகு நிலையத்தில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம் இது எங்கே வாங்கியது என்று கேட்கிறார்களாம். அதன் பக்கத்தில் பழுப்பை வைத்தால் எடுபடாது. உன்கிட்டயே இருக்கட்டும், நீதான் பத்திரமா வெச்சுக்குவே என்று இருவரும் தனித்தனியாக, வார்த்தைகூட மாறாமல் சொன்னார்கள். அவர்கள் சேர்ந்து பேசிக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் வீட்டில் மாட்ட இடமும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனாலும் சட்டமில்லாமல் போர்வைக்குள் கிடந்தால் மடங்கிப்போகும் என்று, அச்சகத்துக்கு அடுத்த தெருவில் இருந்த வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கோர்ட்டுப் படி ஏறாதவர். படங்களுக்குச் சட்டம் போடுகிறவர், அதனால் அந்தப் பேர். கண்ணாடி போட்டு, பழைய மரத்தையே துடைத்துப் பூட்டிவையுங்கள், வேறெதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

வாங்கப் போனபோது வக்கீல் சிரித்த முகமாக இருந்தார். அப்போதே அவளுக்குத் திக்கென்றது.

"முகத்துல ஒரு அழுக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு அக்கா. கண்ணாடி போட்டா உள்ளேயே மாட்டிக்கும். பதமா எடுத்துட்டேன்" என்றார்.

 தொட வேண்டாம் என்றால் தொடுவது, கேட்காததைச் செய்வது, செய்துவிட்டு நல்லது பண்ணினேன் என்று சிரிப்பது. இந்த உலகத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர்களே கிடையாதா என்று அந்த இடத்திலேயே கத்தத் தோன்றியது. கத்த வாயெடுத்தவள் படத்தைப் பார்த்தாள். மெழுகு இருந்த இடத்தில் ஒரு வெளிறிய வட்டம். அது கண்ணீர் மாதிரியும் இல்லை, வேறெதன் மாதிரியும் இல்லை. கண்ணீர் போனபின் அந்த முகத்தில் அழுகை இல்லை. களைத்திருந்தது. நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சரி, அப்புறம் என்று இருக்கிற முகம். வக்கீல் பதிலுக்குக் காத்திருந்தார். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் சுவரில் துளை போட்டு, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த இடத்தில் மாட்டிக் கொடுத்தார்.

அடுத்த விடுமுறைக்கு அண்ணனும் தங்கையும் ஒன்றாகவே வந்தார்கள், இப்போது அவர்கள் ஒரே கட்சி. உள்ளே வந்த வேகத்தில் கண்ணீர் இல்லாதது தங்கை கண்ணில்தான் முதலில் பட்டது. கன்னத்தைத் தொட்டுப் பார்க்கப் போய்க் கண்ணாடியில் விரல் இடித்தது. அண்ணன் குரல் விளையாட்டு மைதானத்துக்குக் கேட்கிற மாதிரி ஏறியது. சொத்தை நம்பிக் கொடுத்தோமே, இப்படிக் கண்ணீரையே அழித்துவிட்டாளே, அம்மா இருந்தால் என்ன பாடு படுவாள் என்று ஆரம்பித்தான். வக்கீல்தான் எடுத்தார் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

"உங்க ரெண்டு பேருக்காகவும் அவ அழுதது போதும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கண்ணீர் வேணும்னா உங்க வீட்டுல இருக்கு, ஆளுக்கொண்ணு அடிச்சுக் குடுத்திருக்கேன். இங்கயாவது அவ கொஞ்சம் சும்மா இருக்கட்டும்."

அவள் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. அண்ணன் அவளைப் பார்த்தான், அவள் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். தங்கை நின்றபடியே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரியெல்லாம் கூட இருந்தது நீதானே அக்கா என்றாள். ஆமாம் என்றாள் கலர் அக்கா.  தங்கை அடுப்படிக்குப் போய்த் தானே டீ போட்டாள். சர்க்கரை எங்கே, வடிகட்டி எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளேயிருந்து கத்திக் கேட்டாள். ஆனாலும் போட்டது அவள்தான். முதல் கோப்பையைக் கொண்டுவந்து கலர் அக்கா கையில் கொடுத்தாள். அதில் சர்க்கரை அளவுக்குமேல் இருந்தது. குடித்துவிட்டாள்.

அதன்பிறகு அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் நேராகவே போனில் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்வதும் நேராகத்தான். கலர் அக்காவுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி. ஆனால் சேதி சொந்தத்தில் பரவிவிட்டது. போன வாரம் சித்தி போன் போட்டுத் தனக்கும் ஒரு மாதா வேண்டும் என்றாள். நீல முக்காடு, பழுப்புப் பின்னணி, கண்ணீர் இரண்டு கன்னத்திலும் இருந்தால் நன்றாயிருக்கும், உனக்கு என்ன, சும்மா பட்டனை அமுக்கினால் வந்துவிடப்போகிறது என்றாள். கலர் அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து மேஜைமேல் மல்லாக்க வைத்தாள். சித்தி பேசிக்கொண்டே இருந்தாள். இவள் பல் டாக்டர் விளம்பரத்தை மறுபடி எடுத்து, வெள்ளையைப் பார்க்க ஆரம்பித்தாள்.